பூட்ஸுக்குள் இருந்த பெயர்

தொலைபேசி அடித்தால் சார்ஜென்ட்தான் எடுக்க வேண்டும் என்பது நேற்று மாலையே பேசாமல் முடிவாகியிருந்தது. அவர் மரைன் படையிலிருந்து ஓய்வுபெற்று வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனாலும் தெருவில் எல்லோருக்கும் அவர் சார்ஜென்ட்தான். கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள். நேற்றிலிருந்து அவள் அப்படிக் கூப்பிடவில்லை.

அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன. பழைய தோழர்கள், உறவுக்காரர்கள், யாரென்றே தெரியாத ஒரு பத்திரிகைக்காரர். ஒவ்வொரு முறையும் சோபாவில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களும் அவர் முதுகையே பார்த்தார்கள். அவர் திரும்பாமல் இடது கையை மட்டும் தூக்கி ஆட்டுவார். இல்லை, படையிலிருந்து இல்லை. அதன் பிறகுதான் பெண்கள் மூச்சு விடுவார்கள்.

நேற்று முற்பகலில், கரையிறங்கும் பயிற்சியின்போது, அலை உடையும் இடத்தில் ஒரு ரப்பர் படகு கவிழ்ந்துவிட்டது. பொழுது சாய்வதற்குள் படகிலிருந்த மற்ற எல்லோரையும் தூக்கிவிட்டார்கள். இரண்டு பேர் மட்டும் கிடைக்கவில்லை. ஒருவன் சார்ஜென்ட்டின் மகன். மற்றவன் அவனுடைய ஜோடி.

மரைன் படையில் ஒவ்வொருவனுக்கும் ஒரு ஜோடி உண்டு. ஒருவன் தூங்கினால் மற்றவன் விழித்திருக்க வேண்டும். தண்ணீரில் இறங்கும் முன் ஒருவன் வாரை மற்றவன் இழுத்துப் பார்க்க வேண்டும். மகனுடைய ஜோடிக்கு வண்டு என்று பட்டப்பெயர். எந்நேரமும் வாய்க்குள் எதையாவது முனகிக்கொண்டே இருப்பான். வாயை மூடினாலும் மூக்கு வழியாக ஒரு ராகம் வரும். அவனுடைய அம்மாதான் சோபாவில் இருந்த இரண்டாவது பெண். ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை. கணவன் இல்லை, வேறு பிள்ளையும் இல்லை. செய்தி கேட்டதும் சமையலறையிலிருந்து ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் நேராக இங்கே வந்துவிட்டாள்.

அவள் இந்த வீட்டுக்கு வந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. இதே முன்னறையில், இதே சோபாவில் உட்காரவைத்துத்தான், வண்டுவைப் படையில் சேர்க்கச் சொல்லி சார்ஜென்ட் அவளிடம் பேசினார். ஒரு மாலை முழுக்கப் பேசினார். சுவரில் மாட்டியிருந்த படங்களையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். அவள் கடைசியில், "உங்களை நம்பித்தான்ணே அனுப்புறேன்" என்றாள். நேற்றிலிருந்து அந்தப் பேச்சை மூவரும் கவனமாகச் சுற்றிக்கொண்டு போனார்கள், தரையில் கண்ணாடித்தூள் கிடப்பதைப் போல.

"அண்ணே, செத்த உட்காருங்க. நீங்க நடந்து நடந்து தரை தேஞ்சிடும் போல" என்றாள் சமையல்காரி.

"அவர் உட்கார மாட்டார். உட்கார்ந்தா யாராவது சல்யூட் அடிக்காம போயிடுவாங்களோன்னு பயம்" என்றாள் மனைவி.

இரண்டு பேரும் லேசாகச் சிரித்தார்கள். சிரித்தது தப்போ என்பதுபோல உடனே நிறுத்திக்கொண்டார்கள். சமையல்காரி எழுந்து போய், ஏற்கெனவே கழுவிய டம்ளர்களை மறுபடியும் கழுவத் தொடங்கினாள். நேற்றிலிருந்து இந்த வீட்டுப் பாத்திரங்கள் எத்தனை முறை கழுவப்பட்டன என்று சொல்ல முடியாது. 

கழுவும் இடத்திலிருந்தே கேட்டாள்: "அண்ணே, கடல்ல அடிபட்டவங்களுக்கு என்ன ஊசி போடுவாங்க?"

"ஏன்?"

"வண்டுக்குப் பென்சிலின் ஆகாது. சின்ன வயசுல ஒரு தடவை போட்டு மூச்சே நின்னுபோச்சு. டாக்டர் பிழைக்க மாட்டான்னே சொல்லிட்டார். அதான் கேட்டேன்."

"அதெல்லாம் அவனோட குறிப்புல எழுதியிருக்கும்மா. கம்ப்யூட்டர்ல அவன் பேரைத் தட்டினா முதல் வரியே அதுதான் வரும். நீ கவலைப்படாத."

அவள் குழாயை மூடினாள். வீடு மறுபடியும் அமைதியானது. அந்த அமைதி சார்ஜென்ட்டுக்குப் பழக்கமானது. படகு கரையை நெருங்கும்போது, அதன் முன்கதவு கீழே விழுவதற்கு முன்னால், உள்ளே இருப்பவர்கள் இப்படித்தான் வாயடைத்துப் போயிருப்பார்கள்.

வாசலில் வண்டி வந்து நின்ற சத்தம் மூவருக்கும் ஒரே நேரத்தில் கேட்டது.

மரைன் குடும்பங்களுக்கு ஒரு கணக்கு தெரியும். அதிகாரிகள் இரண்டு பேராக வந்தால் முடிந்துவிட்டது என்று அர்த்தம். ஒருவராக வந்தால் இன்னும் முடியவில்லை. சார்ஜென்ட் ஜன்னல் திரையை விரலால் விலக்கிப் பார்த்தார். இளம் லெப்டினன்ட் ஒருவன் இறங்கினான். வண்டியின் மறுபக்கக் கதவு திறக்கிறதா என்று காத்திருந்தார். திறக்கவில்லை.

"ஒருத்தர்தான்" என்றார்.

அவர் மனைவி சமையல்காரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். யார் யாரைப் பிடித்தார்கள் என்று தெரியாதபடி அந்தக் கைகள் பின்னிக்கொண்டன.

லெப்டினன்ட் உள்ளே வந்ததும் தொப்பியைக் கழற்றினான். அவர் மகனைவிடச் சற்று மூத்தவனாக இருக்கலாம். மழித்த தாடையில் புதிதாக ஒரு கீறல். அவசரத்தில் மழித்திருக்கிறான் என்று சார்ஜென்ட் நினைத்துக்கொண்டார்.

"ஒருத்தர் கிடைச்சிருக்கார். உயிரோட" என்றான்.

யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் அதற்குப் பதில் வந்துவிடும்.

அவன் சார்ஜென்ட்டைப் பார்த்துச் சொன்னான்: "உங்க மகன்."

அவர் மனைவியிடமிருந்து வந்தது அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. அவள் முன்னால் சரிந்தாள். சமையல்காரிதான் அவளைத் தாங்கினாள். "சொன்னேன்ல அக்கா, சொன்னேன்ல, உங்க பையனுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு" என்று சொல்லிக்கொண்டே அவள் முதுகைத் தடவினாள். தடவிய கை நிற்கவில்லை. கண் மட்டும் லெப்டினன்ட்டின் முகத்திலேயே இருந்தது.

"தம்பி, என் பையன்?"

"தேடிக்கிட்டு இருக்கோம்மா. ஹெலிகாப்டர் இன்னும் மேலதான் இருக்கு."

"ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் இருப்பாங்க. இவன் கிடைச்ச இடத்துக்குப் பக்கத்துலயே பாருங்க."

"பார்க்கிறோம்மா."

விடியற்காலையில் மீன்பிடிப் படகுக்காரர்கள் தூக்கினார்களாம். துறைமுக ஊரில் ஆஸ்பத்திரி. தலையில் பலத்த அடி. முகம் அடையாளம் தெரியாதபடி வீங்கியிருக்கிறது. நினைவு இல்லை, வாயில் குழாய் போட்டிருக்கிறார்கள். டாக்டர்கள் நம்பிக்கையாகத்தான் பேசுகிறார்கள், ஆனால் சீக்கிரம் வந்தால் நல்லது என்கிறார்கள். லெப்டினன்ட் ஒவ்வொன்றாகச் சொன்னான்.

சார்ஜென்ட் கேட்டார்: "கழுத்துல பேர் பொறிச்ச வில்லை இருந்துதா?"

"இல்லை. சங்கிலி அறுந்து போயிருக்கு."

"அப்புறம் எப்படி அவன்னு தெரிஞ்சது?"

லெப்டினன்ட் முதல்முறையாகப் புன்னகை செய்தான். "பூட்ஸ்லதான் சார்ஜென்ட். இடது பூட்ஸ்ல, நாக்குக்குப் பின்னால ஒரு சின்னத் துணிப்பை தச்சிருந்துதாம். அதுக்குள்ள இன்னொரு வில்லை. உங்க மகன் பேரு, நம்பரு, எல்லாம் தெளிவா இருக்கு. நல்ல பழக்கம். நீங்க சொல்லிக் கொடுத்ததா?"

"நான் தச்சது!" என்று மனைவி கத்தினாள். "அந்தப் பை நான் தச்சது!"

சார்ஜென்ட் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். பிறகு உட்கார்ந்தார். நேற்றிலிருந்து அவர் உட்கார்ந்தது அதுதான் முதல்முறை. சந்தோஷத்தில் கால் தளர்ந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

மரைன் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் அந்தப் பையைத் தெரியும். புது பூட்ஸ் வந்ததும் அம்மாவோ மனைவியோ ஒரு துண்டுத் துணியை வெட்டி, நாக்குக்குப் பின்னால் தைத்துக் கொடுப்பார்கள். ஒவ்வொருவனுக்கும் படை இரண்டு வில்லைகள் கொடுக்கிறது. ஒன்று கழுத்தில் இருக்கும். மற்றதைச் சங்கிலியிலிருந்து கழற்றி அந்தப் பைக்குள் வைக்கிறான், கழுத்துச் சங்கிலி அறுந்தாலும் இது இருக்கும். இவ்வளவுதான் பெண்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது.

உண்மை அது இல்லை. பைக்குள் இருப்பது அவனுடைய வில்லை இல்லை. ஜோடியினுடையது.

முதல்முறை கடலில் இறங்கும் முந்தைய நாள், இரண்டு பேரும் யாரும் பார்க்காத இடத்தில் நின்று மாற்றிக்கொள்வார்கள். உன் பெயர் என் காலில், என் பெயர் உன் காலில். நீ திரும்பி வராவிட்டால் உன் வீட்டு வாசலில் அதிகாரி நிற்கக் கூடாது, நான் நிற்க வேண்டும். உன் வில்லையை உன் அம்மா கையில் நான் வைக்க வேண்டும். அதற்காகத்தான். விதிப்படி குற்றம், தெரிந்தால் தண்டனை உண்டு. அதனால் அதிகாரிகளுக்குச் சொல்வதில்லை. வீட்டிலும் சொல்வதில்லை, எந்த மனைவிதான், தன் புருஷன் இன்னொருவன் சாவுச் செய்தியைக் காலில் கட்டிக்கொண்டு நடக்கிறான் என்று தெரிந்து அந்தப் பையைத் தைப்பாள்?

சார்ஜென்ட்டின் ஜோடிக்குக் குள்ளன் என்று பெயர். உண்மையில் அவரைவிட உயரம். அதனால்தான் அந்தப் பெயர். ஒரு கரையிறக்கத்தில் அவன் திரும்பி வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அவனுடைய வில்லையை எடுத்துக்கொண்டு சார்ஜென்ட் அவன் வீட்டுக்குப் போனார். அவனுடைய அம்மா அதை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "அப்போ உன்னுது எங்கப்பா?" என்று கேட்டாள். தொலைந்துவிட்டது என்றார். தொலையவில்லை. குள்ளனின் பூட்ஸில், கடலுக்கடியில், அவர் பெயர் கிடந்தது. இத்தனை வருஷமாகக் கிடக்கிறது. அவர் அதைப் பற்றிப் பெருமைப்பட்டதும் உண்டு. தன்னில் ஒரு பாதி இன்னும் பணியில் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

இப்போது ஆஸ்பத்திரியில் கிடப்பவனின் காலில் அவர் மகன் பெயர் இருக்கிறது. அப்படியானால் கிடப்பவன் அவர் மகன் இல்லை.

பையன்கள் அந்தப் பழக்கத்தைக் கடைப்பிடித்திருந்தால்.

போன விடுமுறையில் அவர் மகனிடம் கேட்டார். கேட்கக் கூடாது, அதுவும் விதிதான். அவன் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தபோது, "உன் பையில யார் பேரு இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டார். மகன் சிரித்தான். "அதெல்லாம் உங்க காலம்பா. இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு. வில்லையே சும்மா அலங்காரத்துக்குத்தான்." அதன் பிறகு விடுமுறை முடியும்வரை அவர் அவனிடம் சரியாகப் பேசவில்லை. பஸ் ஏற்றிவிடும்போதும் கையை மட்டும் தூக்கினார்.

அந்தச் சிரிப்பை இப்போது இருட்டில் சுவரைத் தடவுவதுபோலத் தடவித் தடவிப் பார்த்தார். உண்மையாகச் சிரித்திருந்தால் மகன் பிழைத்துவிட்டான். பையில் அவன் பெயரேதான் இருந்திருக்கும். ஆனால் பழக்கத்தைக் காப்பவன் வீட்டில் ஒப்புக்கொள்ள மாட்டான். அப்படிக் கேட்டிருந்தால் அவரும் சிரித்துத்தான் மழுப்பியிருப்பார். தன் மகன் ஒரு நல்ல மரைனாக இருக்கக் கூடாது என்று வாழ்க்கையில் முதல்முறையாக அவர் வேண்டிக்கொண்டார்.

"என்னங்க, இங்க வாங்க" என்று படுக்கையறையிலிருந்து மனைவி கூப்பிட்டாள்.

அவள் கட்டிலில் ஒரு பையைத் திறந்து வைத்திருந்தாள். மகனுடைய சட்டை, துண்டு, பல் பிரஷ், நினைவே இல்லாதவனுக்கு ஒரு சீப்பு. கதவைச் சாத்தச் சொன்னாள். சாத்தியதும் அவர் மார்பில் முகத்தை வைத்து, சத்தம் வராமல் உடம்பு குலுங்க அழுதாள். "அவ முன்னாடி சந்தோஷப்படக்கூட பயமா இருக்குங்க. பாவி, எனக்கு எப்படி இப்படிச் சிரிப்பு வருது" என்றாள்.

அவர் அவள் தலையில் கையை வைத்தார்.

"அந்தப் பைதான் காப்பாத்திச்சு. ஞாபகம் இருக்கா, உங்க பழைய பச்சைச் சட்டையை வெட்டினேன்னு எப்படிக் கத்துனீங்க? 'படைச் சட்டை, படைச் சட்டை'ன்னு. இப்ப கத்துங்க பார்ப்போம்."

"வண்டுக்கும் நீதான் தச்சியா?"

"நான் தரேன்னுதான் சொன்னேன். பிடிவாதக்காரி கேட்டாத்தானே? தன்னோட ஏப்ரன் ஓரத்தைக் கிழிச்சு அவளே தச்சா. நீலக் கட்டம். 'அடுப்படி வாசனையோட போறேன்'னு அவன்கூடச் சிரிச்சான்." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "எதுக்குக் கேட்கிறீங்க?"

"சும்மாதான்."

"உங்க முகமே சரியில்லையே."

"தூங்கலைல்ல."

அவர் பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டார். பச்சையா, நீலமா? லெப்டினன்ட்டின் சட்டைப்பையில் தொலைபேசி இருக்கிறது. ஒரு கேள்வி, ஒரு வார்த்தை பதில். கேட்காத வரைக்கும் மகன் உயிரோடு இருக்கிறான்.

கேட்காமலே போய்விடலாம். துறைமுக ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் வெயில் சாய்ந்துவிடும். அவ்வளவு நேரமும் மனைவி வண்டியில் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலில் ஓடும் மரங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். அந்த நேரத்தை அவளுக்குக் கொடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? நேரில் பார்த்தால் அங்கே தானாகத் தெரிந்துவிடப் போகிறது. ஒருவேளை பார்ப்பதற்குள் கடல் இன்னொருவனையும் கொடுத்துவிடலாம். அவர் குழாயை மூடினார். சமையலறை ஜன்னலில் சமையல்காரியின் முதுகு தெரிந்தது. ஃபிளாஸ்க்கில் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள், அவர்கள் வழியில் குடிப்பதற்கு.

"அண்ணே, நீங்க நிம்மதியா போயிட்டு வாங்க" என்றாள் திரும்பாமலே. "நான் இங்கேயே இருக்கேன். வண்டுவைப் பத்தி செய்தி வந்தா இந்த நம்பருக்குத்தானே வரும். கழுவ இன்னும் நிறைய பாத்திரம் இருக்கு."

வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குப் போனார்.

லெப்டினன்ட் வண்டியில் சாய்ந்துகொண்டு தொலைபேசியில் பேசி முடித்திருந்தான். "நல்லாத்தான் போயிட்டிருக்கு சார்ஜென்ட். உங்க மகனோட மருத்துவக் குறிப்பு முழுக்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாச்சு. நுரையீரல்ல தண்ணி போயிருக்கு, சீழ் பிடிக்காம இருக்க மருந்து ஏத்தப் போறாங்க. அவருக்கு ஒத்துக்காத மருந்துன்னு எதுவும் இல்லை, அதனால அவங்களுக்கு வேலை சுலபம்."

சார்ஜென்ட் அப்படியே நின்றார்.

"என்ன மருந்து?"

"பேரெல்லாம் எனக்குத் தெரியாது. பென்சிலின் வகைதான்னு சொன்ன மாதிரி ஞாபகம்."

தெருவில் யாரோ ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அதன் சங்கிலி தட்டும் சத்தம் வெகுதூரம்வரை கேட்டது. அந்தச் சத்தம் தேய்ந்து மறையும்வரை அவர் காத்திருந்தார்.

"சார், ஒரு உதவி. ஆஸ்பத்திரியைக் கூப்பிடுங்க. அந்தத் துணிப்பை என்ன நிறம்னு கேளுங்க."

"எது, பூட்ஸ்ல இருந்ததா? இப்பவா?"

"இப்பவே."

லெப்டினன்ட் அவரை விசித்திரமாகப் பார்த்தான். தூக்கமில்லாத கிழவர் என்று நினைத்திருக்கலாம். ஆனாலும் கூப்பிட்டான். யாரோ யாரையோ தேடிப் போனார்கள். பூட்ஸ் எங்கேயோ ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இருந்தது, அதைத் தேடினார்கள். சார்ஜென்ட் தன் வீட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். கதவில் நங்கூரம் பொறித்த பித்தளைத் தகடு. போன வாரம்தான் துடைத்தார்.

லெப்டினன்ட் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே சொன்னான்: "நீலமாம். கட்டம் போட்ட துணி."

பச்சை என்ற வார்த்தைக்காக அவர் காது இன்னும் திறந்தே இருந்தது. அது வரவில்லை. பிறகு அவர் வாயிலிருந்து வந்தது பழைய குரல், அலைச்சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டிய குரல்.

"பென்சிலின் போடக் கூடாதுன்னு சொல்லுங்க. வைக்காதீங்க ஃபோனை. போடக் கூடாது. அவனுக்கு அது ஆகாது, மூச்சு நின்னுடும்."

"ஆனா குறிப்புல—"

"அது வேற ஆளோட குறிப்பு. அங்க இருக்கிறது என் மகன் இல்லை."

அந்த வாக்கியம் வெளியே வந்துவிட்டது. லெப்டினன்ட் ஒரு கணம் விழித்தான், பிறகு வேகமாகத் தொலைபேசியில் பேசினான். நிறுத்துங்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள், இல்லை, நான் காத்திருக்கிறேன். கொஞ்ச நேரத்தில் தலையை ஆட்டினான். "இன்னும் ஆரம்பிக்கலையாம்" என்றான். "சார்ஜென்ட், உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எந்த அதிகாரியிடமும் சொல்லாததை அவர் அந்த இளைஞனிடம் சொன்னார். சுருக்கமாகச் சொன்னார். சொல்லி முடித்ததும் கதவுப் பக்கம் திரும்பினார். சமையல்காரி ஒரு கையில் பையும் மறுகையில் ஃபிளாஸ்க்குமாக வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் மனைவி.

எவ்வளவு நேரமாக நிற்கிறார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை.

"உங்க மகன் இல்லையா?" என்றாள் சமையல்காரி. "என்னண்ணே சொல்றீங்க?"

"தங்கச்சி, வண்டில ஏறு. அங்க இருக்கிறது உன் பையன்."

அவள் நகரவில்லை. "வில்லைல உங்க பையன் பேருதானே இருக்கு?"

"நாங்க ஜோடியோட வில்லையைத்தான் வச்சிருப்போம். எப்பவுமே அப்படித்தான். துணி நீலக் கட்டமாம். நீ தச்சது."

ஃபிளாஸ்க் அவள் கையிலிருந்து நழுவியது. உடையவில்லை, படியில் உருண்டு போய் வண்டிச் சக்கரத்தில் முட்டி நின்றது. முகத்தில் எழுந்ததை அவள் காலியான கையால் மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரத்துக்கு முன் மனைவி எந்தச் சந்தோஷத்தை மறைக்கக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாளோ, அதேதான் அது.

மனைவி அவரையே பார்த்தாள். அழவில்லை.

"நீங்களுமா?"

"நானும்தான்."

"நான் உங்களுக்குத் தச்சுக் கொடுத்த பையில?"

"குள்ளனோடது."

"உங்களோடது?"

குள்ளன் எங்கே இருக்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். இத்தனை வருஷம் தன் கையால் தைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பவள்போல விரல்கள் புடவைத் தலைப்பில் அசைந்தன. லெப்டினன்ட் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சமையல்காரி பையைக் கீழே வைத்தாள். "அக்கா" என்றாள்.

மனைவி இறங்கி வந்து அந்தப் பையை எடுத்தாள். அதைத் திறப்பாள், மகனுடைய சட்டையை வெளியே எடுப்பாள் என்று சார்ஜென்ட் நினைத்தார். அவள் திறக்கவில்லை. சமையல்காரியின் தோளில் மாட்டிவிட்டாள்.

"சட்டை உள்ள இருக்கு. வண்டுக்குத் தோள்ல கொஞ்சம் இறுக்கும். பரவாயில்லை, போட்டுவிடு" என்றாள். பிறகு அவளை வண்டியில் ஏற்றி, தானும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

"நீ எங்க போற?" என்றார் சார்ஜென்ட்.

"இவ தனியா எப்படிப் போவா? ஆஸ்பத்திரில யாரு பேசுவாங்க? நீங்க ஃபோன் பக்கத்துல இருங்க." ஒரு கணம் நிறுத்தினாள். "அப்போ நம்ம பையன் கால்ல வண்டு பேரா இருக்கும்?"

"ஆமா."

"பச்சைத் துணியில."

"ஆமா."

"அப்படின்னா தேடுறவங்களுக்கு அதைச் சொல்லுங்க. அந்தப் பேரோட யார் கிடைச்சாலும் நம்ம வீட்டைத்தான் கூப்பிடணும். இவளைக் கூப்பிட்டு, இவ பயந்து செத்துடக் கூடாது. தெளிவா சொல்லுங்க, சார்ஜென்ட்."

லெப்டினன்ட் தேடும் குழுவின் அறையைக் கூப்பிட்டுத் தொலைபேசியை அவரிடமே கொடுத்தான். சார்ஜென்ட் நிமிர்ந்து நின்று சொன்னார். வண்டுவின் முழுப்பெயரைச் சொன்னார், எழுத்தெழுத்தாகச் சொன்னார், தன் வீட்டு எண்ணைச் சொன்னார். மறுமுனையில் இருந்தவன் திரும்பச் சொல்லிக் காட்டினான். சரியாக இருந்தது.

வண்டி திரும்பும்போது மனைவி ஜன்னல் வழியாக அவரைப் பார்த்தாள். கையாட்டவில்லை. சமையல்காரியின் தலை அவள் தோளில் இருந்தது.

அவர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். வீட்டில் யாரும் இல்லாதது அவருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. சுவரில் மகன் அணிவகுப்புச் சீருடையில் நின்றான், சிரிக்காமல். சிரிக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியதே அவர்தான். தையல் மெஷின்மேல் பழைய பச்சைச் சட்டை மடித்து வைத்திருந்தது. அதை எடுத்து விரித்துப் பார்த்தார். கீழ் ஓரத்தில் ஒரு சின்னச் சதுரம் இல்லை. வெட்டிய இடத்தில் நூல் பிரியாமல் மனைவி மடித்துத் தைத்திருந்தாள். அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுக்கொண்டு தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அவன் பொய் சொல்லியிருக்கிறான் என்று நினைத்தார். அப்பா மூஞ்சிக்கு நேராகச் சிரித்து, அப்பா பேசாமல் இருந்ததையும் பொறுத்துக்கொண்டு, சொல்லக் கூடாததைச் சொல்லாமல் பஸ் ஏறியிருக்கிறான். வேறொரு நாளாக இருந்தால் அந்தப் பெருமையே அவருக்குப் போதும். இன்றைக்கு அது நெஞ்சில் எங்கும் உட்கார மறுத்தது.

வெயில் தரையில் நகர்ந்து சோபாவின் காலைத் தொட்டது. பிறகு ஏறியது. அவர் எழவில்லை, விளக்கும் போடவில்லை.

தொலைபேசி அடித்தது.

பழக்கத்தில் இடது கை தானாக உயர்ந்தது. பின்னால் பார்க்க யாரும் இல்லை. கையை இறக்கி அதை எடுத்தார்.

அறியாத ஒரு குரல். பின்னால் ஹெலிகாப்டர் விசிறி சுழலும் இரைச்சல், காற்று. அந்தக் குரல் வண்டுவின் முழுப்பெயரைச் சொல்லி, "அவர் வீடுதானே?" என்று கேட்டது.

சார்ஜென்ட் பச்சைத் துணியை முறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஆமா" என்றார். "அவன் வீடுதான். சொல்லுங்க."